வழி எதுவோ அதற்கேற்ற விசா: ஆறுமுகநேரிக் கரையிலிருந்து பல நாடு போகிறவர்களின் காகிதப் பாடு

திருச்செந்தூர் ரயில் குரும்பூரைத் தாண்டினால் ஆறுமுகநேரி. அதற்கடுத்த நிறுத்தம் காயல்பட்டினம். உப்பளங்களும் சாகுபுரத்து ரசாயன ஆலையும் சூழ்ந்த இந்தச் சின்ன வட்டாரத்தில் பாஸ்போர்ட் உள்ள வீட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. இரத்தினக்கல் வியாபாரத்துக்குக் கொழும்பு, பாங்காக், ஹாங்காங் என்று சுற்றுகிறவர்கள், வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள், கப்பலில் ஏறினவர்கள், மகன் சிங்கப்பூரிலும் மகள் லண்டனிலும் இருப்பதால் வருடத்துக்கொருமுறை பெட்டி கட்டும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என எல்லா வகையினரும் இருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு ஒரே நாட்டுக்குப் போய்த் திரும்பும் பயணம் அபூர்வம். போகிற வழியில் இன்னொரு நாடு, திரும்பும்போது மூன்றாவது நாடு என்று பயணம் கிளைவிடும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

விசா பற்றி நம் ஊர்களில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் நாடு வாரியாக இருக்கும். மலேசியாவுக்கு விசா வேண்டாம், சிங்கப்பூருக்கு வேண்டும், இலங்கைக்கு ஆன்லைனில் போட்டால் போதும் என்பார்கள். மூன்றும் சரியே. ஆனால் மூன்றையும் ஒரே பயணத்தில் கோக்கும்போது, எந்த நாட்டுக்குப் பின் எந்த நாடு, எத்தனை முறை உள்ளே போகிறோம், இடையில் எந்த விமான நிலையத்தில் இறங்கி ஏறுகிறோம், ஒரே டிக்கெட்டா இரண்டு டிக்கெட்டா என்பவையே காகிதத்தைத் தீர்மானிக்கின்றன. நான் பார்த்தவரை பயணம் கெட்டுப்போன கதைகளில் பாதிக்கு மேல் நாடுகளுக்குள் நடந்தவை அல்ல, இரண்டு நாடுகளுக்கு நடுவில் நடந்தவை.

இந்தக் கரைக்கு விசா பழைய சங்கதி இல்லை. இலங்கையின் மன்னார்ப் பக்கம் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்புகளுக்குக் காயல், கீழக்கரை, தூத்துக்குடிச் சம்மாட்டிகளும் முத்துக்குளிப்போரும் தங்கள் தோணிகளிலேயே போய்வந்தார்கள். 1905இல் அங்கே நடந்த பெருங்குளிப்பின் போதும், அந்தக் கடற்கரை முகாமில் அதிகாரிகள் அஞ்சியது காலராவுக்குத்தான். யார் எந்த நாட்டுக் குடிமகன் என்று யாரும் கேட்கவில்லை. தூத்துக்குடி–கொழும்புக் கப்பலும் அப்படியே. 1906இல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, அடுத்த ஆண்டு காலியா, லாவோ கப்பல்களை அந்த வழியில் விட்டபோது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோடு மூண்ட போட்டி கட்டணத்தில் நடந்த போட்டி. டிக்கெட் விலையை அடிமட்டத்துக்கு இறக்கினார்கள். பாஸ்போர்ட் என்ற பேச்சே அதில் கிடையாது.

சோதனையே இல்லாத பொற்காலம் என்று சொல்லிவிடவும் கூடாது. தோட்ட வேலைக்குப் போன கூலிகளைத் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறை முகாமில் அடைத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகே கப்பலேற்றினார்கள். பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் 1914இல் வந்தபின் அந்த வேலை மண்டபம் முகாமுக்குப் போனது. கடைக்காரருக்கு வழி திறந்திருந்தது, கூலிக்கு முகாம் காத்திருந்தது. பயணியின் வகையைப் பார்த்து வழி விடும் இந்தப் பழக்கம் இன்றைய விசா முறைக்குள்ளும் அப்படியே இருக்கிறது.

பாஸ்போர்ட் கட்டாயம் என்ற நிலை முதல் உலகப் போரோடு வந்தது. இந்தியாவிலிருந்து கடல்வழி வெளியேறுவோருக்கு 1917இல் போர்க்கால விதியாகப் புகுந்தது, 1920இல் இந்தியாவுக்குள் நுழைவதற்கான பாஸ்போர்ட் சட்டமாக நிலைத்தது. அதே 1920இல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு, இன்று நாம் கையில் வைத்திருக்கும் சிறு புத்தக வடிவத்துக்கு வழி செய்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1908இல், கனடா ஒரு விதி போட்டிருந்தது: பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் நிற்காமல் ஒரே தொடர்ப் பயணமாக வந்தால்தான் இறங்கலாம். இந்தியாவிலிருந்து அப்படி நேரே போகக் கப்பல் சேவை இல்லாதபடி பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் அந்த விதியின் சூட்சுமம். 1914இல் கோமகட்டா மாரு கப்பல் வான்கூவரில் இரண்டு மாதம் தவித்துத் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். பயணியின் தகுதியைப் பார்க்காமல் அவர் வந்த வழியை வைத்தே விலக்கலாம் என்பதை உலகம் அப்போதே கற்றுக்கொண்டுவிட்டது.

இலங்கை மட்டும் நமக்கு விலக்காக நீடித்தது. சுதந்திரம் வந்தது, அந்த வழி மூடியது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தபோது, கொழும்புச் செட்டித் தெருவிலும் புறக்கோட்டையிலும் கடை வைத்திருந்த நம் வியாபாரிகள் முதல்முறையாக விசாவுக்கு வரிசையில் நின்றார்கள். கடைச் சிப்பந்திகளுக்குத் தற்காலிக வதிவிட அனுமதி எடுக்க வேண்டும், காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்க மறுத்தால் ஊர் திரும்ப வேண்டும். இரவில் தோணியில் போய் இறங்கியவர்களுக்குக் கள்ளத்தோணி என்ற பட்டம் ஒட்டியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து இலங்கையில் இருந்த லட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினரின் குடியுரிமையைப் பங்கு போட்டது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் கப்பல் மறுபடி புறப்பட்டபோது ஊரே பார்க்கப் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் நின்றும் போனது. இப்போது கடல்வழி போக நினைத்தால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் சிறு கப்பல்தான். அதுவும் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது.

இனி இன்றைய பயணத்துக்கு வருவோம். காயல்பட்டினம், ஆறுமுகநேரிப் பக்கத்துக் கல் வியாபாரி ஒருவர் இரத்தினபுரியிலும் பேருவளையிலும் கல் வாங்கி, தாய்லாந்தின் பாங்காக்கிலோ சந்தபுரியிலோ பட்டை தீட்டக் கொடுத்து, செப்டம்பர்க் கண்காட்சிச் சமயத்தில் ஹாங்காங் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த வழியில் பல தலைமுறையாகப் போய்வருகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான்கு அரசுகளின் விதிகளை ஒரே மாதத்தில் தாண்ட வேண்டிய பயணம் இது.

முதலில் இலங்கை. 2012 ஜனவரி 1 முதல் இ.டி.ஏ. என்ற இணைய அனுமதி நடப்பில் இருக்கிறது. முப்பது நாள், இரண்டு முறை நுழையலாம். பாங்காக் போய்விட்டுக் கொழும்பு வழியாகவே திரும்புகிறவருக்கு அந்த இரண்டாவது நுழைவு பெரிய உதவி. ஆனால் விதி எவ்வளவு வேகமாக ஆடும் என்பதற்கும் இலங்கையே நல்ல சாட்சி. 2023 இறுதியில் இந்தியா உள்ளிட்ட ஏழு நாட்டவருக்குக் கட்டணம் கிடையாது என்றார்கள். 2024 ஏப்ரலில் தனியார் நிறுவனக் கூட்டணி வழியாகப் புதிய இ-விசா முறை வந்தது, கட்டணம் எகிறியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. தடைக்குப் பிறகும் பழைய முறை உடனே திரும்பாததால், செப்டம்பரில் குடிவரவுத் துறைத் தலைவரே நீதிமன்ற அவமதிப்புக்காக விளக்கமறியலுக்குப் போனார். அதற்குப் பின்பே பழைய இ.டி.ஏ. உயிர் பெற்றது. ஒரே ஆண்டுக்குள் இத்தனை. ஜனவரியில் போய்வந்த மச்சான் சொன்னதை வைத்து அக்டோபரில் கிளம்பக் கூடாது என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

தாய்லாந்து 2023 நவம்பர் 10 முதல் இந்தியருக்கு விசா விலக்கு தந்தது. 2024 ஜூலை 15இல் முப்பது நாள் அறுபதானது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் முப்பது நாள் விலக்கு தந்து, அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டியது. விசா வேண்டாம் என்றதும் காகிதமே வேண்டாம் என்று நினைத்துவிடுகிறோம். மலேசியாவுக்கு டிஜிட்டல் வருகை அட்டை உண்டு, தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் அதே மாதிரி ஒன்று, சிங்கப்பூருக்கும் உண்டு. மூன்றையும் வந்து சேர்வதற்கு மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் முடித்துவிடும் நம் வழக்கத்துக்கு இது ஒத்துவராது. பல நாட்டுப் பயணத்தில் இரண்டாவது, மூன்றாவது நாட்டின் அட்டையை வழியில், விடுதி வைஃபையில் உட்கார்ந்துதான் நிரப்ப வேண்டும். இலவசமான இந்த அட்டைகளுக்கு அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் வாங்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். முகவரி அரசினுடையதுதானா என்று பார்த்துவிட்டுக் கையை வையுங்கள்.

ஹாங்காங் தனிக் கதை. இந்தியருக்குப் பதினான்கு நாள் விசா இல்லாமல் இருக்கும் சலுகை நெடுநாளாக இருந்தது. 2017 ஜனவரி 23 முதல் அதற்கு முன்பதிவு கட்டாயமானது. இணையத்தில் இலவசமாகப் பதியலாம், பதிலும் உடனே வரும், அந்தச் சீட்டை வெள்ளைத்தாளில் அச்செடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குச் செல்லும் அந்தச் சீட்டில் பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் சீட்டு செல்லாது. இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலும் பழைய சீட்டு குப்பைக்குத்தான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹாங்காங்கில் இருந்துகொண்டு ஷென்சென் போய் ஒரு பெட்டி கவரிங் சாமான் பார்த்துவரலாம் என்றால், அது சீனா. தனி விசா வேண்டும். மக்காவ் போனால் அதற்கு மூன்றாவது விதி, அங்கே இந்தியருக்கு விசா தேவையில்லை. கொடி ஒன்று, குடிவரவு வாசல்கள் மூன்று.

வியாபாரிக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. ஆளுக்குத் தரப்படும் சுற்றுலாச் சலுகை அவர் மடியில் இருக்கும் கல்லுக்குப் பொருந்தாது. இலங்கையிலிருந்து கல் கொண்டுபோக அங்குள்ள தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபை வழியாக ஏற்றுமதி நடைமுறை இருக்கிறது. கண்காட்சிக்கு எடுத்துப் போய் விற்காததைத் திரும்பக் கொண்டுவருவதற்கு ஏ.டி.ஏ. கார்னெட் என்ற சுங்க ஆவணம் இருக்கிறது. இந்தியாவில் அதை ஃபிக்கி வழங்குகிறது. விசாவை மட்டும் சரிபார்த்துவிட்டுப் போனவர் சுங்க மேசையில் மாட்டுவதுண்டு.

சலுகை நாடுகளைப் பற்றிப் பேசுகையில் ஒரு கொடுமையைச் சொல்லாமல் போக முடியாது. தாய்லாந்தில் கணினி வேலை என்று ஏஜெண்டு சொல்வார். சுற்றுலாப் பயணியாக உள்ளே போவது சுலபம். அங்கிருந்து காரில் ஏற்றி மே சோட் எல்லை தாண்டி மியான்மரின் மியாவடி மோசடி முகாம்களில் விட்டுவிடுவார்கள். 2022 அக்டோபரில் மீட்டுக் கொண்டுவரப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். முதல் நாட்டில் சட்டப்படி நுழைந்தவர், இரண்டாவது நாட்டில் விசா இல்லாத குற்றவாளி ஆகிவிடுகிறார். அடைத்து வைத்தவன் மேல் இருக்கும் வழக்கைவிட எல்லை தாண்டியதற்காகத் தன் மேல் இருக்கும் வழக்கே அவரை அதிகம் வதைக்கிறது. 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டம், பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா, மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடியகல்வோர் பாதுகாவலரின் அனுமதி கேட்கிறது. சுற்றுலா என்று கிளம்புகிறவரை அந்த வலை பிடிக்காது. வேலைக்கு வேலை விசா. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றித் தருகிறேன் என்கிற ஏஜெண்டிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

நடுவழி விமான நிலையத்துக்கு வருவோம். எல்லையின் முதல் காவலர் குடிவரவு அதிகாரி என்று நினைக்கிறோம். மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ பெட்டியை எடை போடும் விமான நிறுவனப் பெண்தான் அவர். காகிதம் இல்லாத பயணியை ஏற்றி வந்தால் அபராதம் விமான நிறுவனத்துக்கு. இந்தியாவிலும் அப்படி ஒரு சட்டம் 2000 முதல் இருந்தது. இப்போது 2025ஆம் ஆண்டுக் குடிவரவு, வெளிநாட்டினர் சட்டத்தில் அது சேர்ந்துவிட்டது. எனவே அந்தப் பெண் டிமாட்டிக் என்ற தரவுத் தளத்தைத் தட்டிப் பார்ப்பார். உங்கள் குடியுரிமை, போகும் நாடு, இடை நிறுத்தம், கையில் உள்ள விசாக்கள் எல்லாவற்றையும் வைத்துத் திரை சொல்வதுதான் அங்கே தீர்ப்பு. திரும்பும் டிக்கெட் இருக்கிறதா, பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுமா, முத்திரை குத்தப் பக்கம் இருக்கிறதா என்பதும் அங்கேயே. அடிக்கடி போகிறவர் முப்பத்தாறு பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய் கட்டுவதற்குப் பதில் 2,000 ரூபாய் கட்டி அறுபது பக்கப் புத்தகம் எடுத்துக்கொள்வது நல்லது.

ஒரே டிக்கெட்டில் கடைசி ஊர் வரை பெட்டி போய்விட்டால், பெரும்பாலான விமான நிலையங்களில் குடிவரவைத் தாண்டாமல் உள்ளுக்குள்ளேயே அடுத்த விமானம் ஏறலாம். மலிவாகக் கிடைத்தது என்று இரண்டு தனி டிக்கெட் போட்டால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவரும். பெட்டியை எடுக்க வெளியே போக வேண்டும். வெளியே போக அந்த நாட்டு விசா வேண்டும். மூவாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து முழுப் பயணத்தையும் தொலைக்கிறவர்கள் இங்கேதான் உருவாகிறார்கள். அமெரிக்காவில் உள்ளுக்குள்ளேயே மாறும் வசதியே இல்லை. மெக்சிகோவுக்கோ பிரேசிலுக்கோ போகிறவர் நியூயார்க்கில் ஒரு மணி நேரம் நின்றாலும் அமெரிக்க விசா வேண்டும். கனடாவும் ஆஸ்திரேலியாவும் இடைநிற்கும் இந்தியரிடம் அதற்கென விசா கேட்கின்றன. ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பியக் கூட்டமான ஷெங்கனில், சில நாடுகளின் விமான நிலையங்களிலும் இடைநிற்பு விசா விதிகள் உண்டு, அவை அவ்வப்போது மாறியும் வருகின்றன.

ஒரு நல்ல விசா இன்னொரு கதவைத் திறப்பதும் உண்டு. செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன், ஆஸ்திரேலிய, ஜப்பானிய விசா முதலான சிலவற்றில் ஒன்று கையில் இருந்தால், இந்தியர் மூன்றாவது நாட்டுக்குப் போகும் வழியில் சிங்கப்பூரில் 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் தங்கலாம். ஐக்கிய அரபு அமீரகமும் அப்படிச் சில விசா உள்ளவர்களுக்கு இறங்கியதும் அனுமதி தருகிறது. பிரிட்டனும் அயர்லாந்தும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. உரிய குறிப்புள்ள விசா இருந்தால் இந்தியர் ஒன்றைக் காட்டியே மற்றதற்கும் போய்வரலாம். ஆகவே எல்லா நாடுகளுக்கும் வேண்டிய விசாவை எடுக்கத் தொடங்குமுன், கடினமானது எதுவோ அதை முதலில் எடுப்பதே புத்தி. மற்றவற்றில் சில தாமாகக் கழன்றுகொள்ளும்.

ஐரோப்பாவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நம்மவர் அடிக்கடி சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். ஷெங்கனில் இப்போது 29 நாடுகள். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் மனுப் போட வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் இறங்கும் நாட்டில். அப்பாயிண்ட்மெண்ட் எங்கே சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே போட்டுவிட்டு வேறு நாட்டில் பத்து நாள் சுற்றினால், அடுத்த முறை மனுவில் அது பேசும். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, மறுத்தால் திரும்பாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள்.

அடுத்தது சிங்கிள் என்ட்ரி. பாரிஸில் இறங்கி, லண்டனில் மகளைப் பார்த்துவிட்டு, ஆம்ஸ்டர்டாமையும் சுற்றிவிட்டு ஊர் திரும்பத் திட்டம் போடுகிறார் ஒருவர். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. லண்டனுக்குப் போன நிமிடமே ஷெங்கனின் ஒற்றை நுழைவு தீர்ந்தது. ஆம்ஸ்டர்டாமில் உள்ளே விடமாட்டார்கள். லண்டனிலேயே விமானத்தில் ஏற்றமாட்டார்கள். வியட்நாமிலும் இதே பொறி இருக்கிறது. ஒற்றை நுழைவு இ-விசா 25 டாலர், பலமுறை நுழைவு 50 டாலர். ஹோசிமின் நகரத்திலிருந்து கம்போடியா போய் அங்கோர் வாட் பார்த்துவிட்டுத் திரும்பி அதே ஹோசிமின்னில் விமானம் ஏறுகிறவர், 25 டாலரை மிச்சம் பிடித்தால் எல்லையில் நின்றுவிடுவார்.

நாள் கணக்கும் அப்படித்தான். எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் ஷெங்கனுக்குள் இருக்கக் கூடாது. வெளியே ஒரு நாள் போய் வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நம்புகிறவர்கள் நிறைய. தொடங்காது. ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ணுவார்கள். இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் கணக்கில் சேரும். முத்திரை மங்கலாக விழுந்தால் தப்பிக்கலாம் என்ற காலமும் போய்விட்டது. 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகமும் பதியும் கணினி முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஒழுங்காகப் போய்வருகிறவருக்குப் பலனும் உண்டு. 2024 ஏப்ரலில் இந்தியருக்கென்று வந்த விதிப்படி, மூன்றாண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியவருக்கு இரண்டாண்டுப் பலமுறை விசாவும், அதற்கடுத்து ஐந்தாண்டு விசாவும் கிடைக்க வழி இருக்கிறது.

ஆறுமுகநேரியிலிருந்து பார்த்தால் தூரமும் ஒரு விதி. பாஸ்போர்ட்டுக்குத் திருநெல்வேலி சேவை மையம், மதுரை மண்டல அலுவலகம் என்று முடிந்துவிடுகிறது. அமெரிக்க விசா நேர்காணலுக்குச் சென்னை போயே ஆக வேண்டும். பாங்காக்கிலோ சிங்கப்பூரிலோ சுற்றும்போது அங்கேயே அமெரிக்க அப்பாயிண்ட்மெண்ட் பிடித்துவிடும் தந்திரம் சில வருடம் ஓடியது; 2025 செப்டம்பரில் அமெரிக்கா அதை மூடியது, சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் மனுப் போட வேண்டும் என்று. பாஸ்போர்ட் ஒன்றுதான் என்பதும் மறந்துபோகிற விஷயம். ஒரு தூதரகத்தில் அது ஸ்டாம்பிங்கில் இருக்கையில் இன்னொன்றில் கொடுக்க முடியாது. ஷெங்கனுக்குப் பதினைந்து நாள் என்பது எழுத்தில் உள்ள கணக்கு; நாற்பத்தைந்து நாள் வரை இழுக்கலாம். பிரிட்டனையும் சேர்த்தால் மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். ஷெங்கன் மனுவை ஆறு மாதத்துக்கு முன் போட முடியாது என்பதால், இடையில் உள்ள அந்த மூன்று மாதம்தான் நமக்குக் கிடைக்கும் வெளி. இதற்கிடையே டிராவல்ஸ்காரர் டம்மி டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்பார். உண்மையான முன்பதிவைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தால் சிக்கலில்லை. பொய்யான முன்பதிவு எண்ணை அச்சடித்துக் கொடுத்தால் அது ஏமாற்று, தூதரகம் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதன்பின் வரும் நிராகரிப்பு மற்ற நாட்டு விண்ணப்பங்களிலும் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகத் தொடரும்.

கப்பலில் போகிறவர்களுக்கு விதி வேறு. தூத்துக்குடிப் பிள்ளைகள் சி.டி.சி. என்ற கடலோடிப் புத்தகத்தோடு போகிறார்கள். இந்தியா 2015இல் ஏற்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைப்படி முக அடையாளம் பதித்த கடலோடி அடையாள அட்டையும் இப்போது உண்டு. கப்பல் எந்தத் துறையில் நிற்கும் என்பது அவர்கள் கையில் இல்லை. ராட்டர்டாமில் ஏறுவதற்கு விசா வாங்கினவரைக் கடைசி நேரத்தில் சிங்கப்பூருக்குத் திருப்பலாம். அதற்கு ஏற்பக் கப்பல் முகவரின் உத்தரவாதக் கடிதமும், வளைகுடா விமானத்துக்கு ஓகே டு போர்டு என்ற ஏற்றும் ஒப்புதலும் தயாராக வேண்டும். அமெரிக்கத் துறைமுகத்துக்கு அவர்களுக்கென்றே உள்ள சி-1/டி விசா.

ஆரோக்கியச் சான்றையும் மறக்கக் கூடாது. தட்டப்பாறை முகாம் போய்விட்டது, அதன் விதி போகவில்லை. கென்யா போன்ற நாடுகளுக்குப் போய்த் திரும்புகிற இந்தியர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் சான்று செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று 2016இல் ஆகிவிட்டது. எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள். சென்னை கிண்டி கிங் நிலையம் போல அங்கீகரித்த இடங்களில் மட்டுமே. நைரோபியில் விமானம் மாறிப் போகிறவரிடமும் மூன்றாவது நாடு இதைக் கேட்கலாம். பயணப் பட்டியலில் ஆப்பிரிக்கா நடுவில் வந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடைசியாகப் பெயர். தமிழனின் பயணத்தில் இதைவிடப் பெரிய விசாப் பிரச்சினை இல்லை என்பது என் கணிப்பு. பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டம்: சொந்தப் பெயர், குடும்பப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்துத்தான். எனவே ஒருவர் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடுகிறார், அடுத்தவர் அப்பா பெயரை எழுதுகிறார், மூன்றாமவர் தன் பெயரையே அதில் போட்டு அப்பா பெயரைச் சொந்தப் பெயராக்கிவிடுகிறார். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் வெவ்வேறு குடும்பம் போலத் தெரிவார்கள். காயல்பட்டினத்துப் பெயர்களில் முன்னால் நான்கைந்து எழுத்து வரும். முகம்மது என்ற பெயர் அப்பாவின் காகிதத்தில் ஓர் எழுத்துக்கூட்டலிலும் மகனின் காகிதத்தில் வேறொன்றிலும் இருக்கும். பெண்களுக்கு அப்பா பெயரிலிருந்து கணவர் பெயருக்கு மாறிய பாதியில் பள்ளிச் சான்று ஒன்றாகவும் பாஸ்போர்ட் வேறாகவும் நிற்கும்.

2022 நவம்பர் 21 முதல், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு வருகை விசாவில் வரும் பயணிகளை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது தென்மாவட்டங்களில் பலருக்கு வயிறு கலங்கியது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்போம் என்று பிறகு தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், பெயர் தெரியாதவர் என்ற பொருளில் மூன்று எழுத்தை அச்சடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் மூன்று பெயர். குடும்பப் பெயர் இல்லாதவருக்கு டிக்கெட்டில் ஒரே பெயரை இரண்டு முறை அடிப்பார் டிராவல்ஸ்காரர். ஒரு நாட்டில் அது ஓடும். நான்கு நாட்டில் நான்கு கணினி, ஏதாவது ஒன்று முரண்டு பிடிக்கும். ஹாங்காங்கின் முன்பதிவுச் சீட்டு போன்றவை ஓர் எழுத்துப் பிசகையும் பொறுப்பதில்லை.

பெரியவர்கள் இதைச் சரிசெய்ய அரசிதழில் பெயர் மாற்றம், புதுப் பாஸ்போர்ட், பழைய விசாக்களோடு இரண்டு புத்தகத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அலைவது என்று பாடுபட வேண்டும். பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப்பட்டியல் தயாரித்து, பெயரும் முதலெழுத்தும் சரியா என்று பெற்றோரைக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். பாஸ்போர்ட்டில் எப்படி வர வேண்டுமோ அப்படியே, முதலெழுத்தை முழுப்பெயராக விரித்து, அண்ணன் தம்பி எல்லாருக்கும் ஒரே எழுத்துக்கூட்டலில் அன்றைக்கு எழுதிக் கொடுங்கள். தலைமையாசிரியர்கள் அந்தத் தாளை நீட்டும்போதே இதைப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.